லமினேட் செய்த கப்பல்

அழகுமுத்துவுக்குக் கதிரை ஆகாது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், சைவக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் அவன் பல வருஷம் கொம்பியூட்டர் வேலை பார்த்தான். அத்தனை வருஷமும் நின்றுகொண்டேதான் பார்த்தான். கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு மவுஸை உருட்டுவான். ஒரு படம் திறந்து வருவதற்குள் யன்னல்வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான்.

முதலாளி தில்லைநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம், அவசரம், பொலிஸ் மூன்றும் பிடிக்காதவர்.

“கதிரையில முள்ளே கிடக்கு? இருந்து செய்யன் தம்பி. உன்னைப் பாக்க எனக்கெல்லே கால் உளையுது.”

“ஒக்காந்தா தூக்கம் வருது மொதலாளி.”

“அப்ப படுத்துக் கிட. அதுவாவது ஒரு இடத்தில கிடப்பாய்.”

நானும் அவனும் கொட்டாஞ்சேனையில் ஒரே தோட்டத்துக்காரர்கள். தோட்டம் என்றால் செடி கொடி என்று நினைக்க வேண்டாம். ஒரு பொதுக் குழாய், அதைச் சுற்றி ஒட்டி ஒட்டி வீடுகள், அவ்வளவுதான். நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஆனால் அவனைப் பற்றி எழுத வேண்டும் என்றால் நான்தான் எழுத வேண்டும். அவன் உட்கார்ந்து எழுத மாட்டான்.

அவனுடைய அப்பா மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இவன் மீசை முளைக்கும் வயதில் கொழும்புக்கு இறங்கினான். புறக்கோட்டையில் துணிக்கடை, பிறகு பேக்கரி, பிறகு தெமட்டகொடையில் ஒரு லொறிக்குக் கிளீனர். லொறி ஓடுகிற பொருள் என்பதால் அதில்தான் கொஞ்ச நாள் தங்கினான். லொறிக்காரன் கேட்ட ஏதோ ஒரு அட்டைக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க அந்த ஸ்டூடியோவுக்குப் போனவன், கொம்பியூட்டரில் அவன் முகத்துக்குப் பின்னால் இருந்த பச்சைத் திரை வெள்ளையாக மாறுவதைப் பார்த்தான். இன்னொருமுறை செய்து காட்டச் சொன்னான். மறுநாளும் போனான். அப்படியே அங்கே வேலைக்கு நின்றுவிட்டான்.

“ஒக்காந்த எடத்துல ஊர் சுத்துற மாதிரி இருக்குண்ணே. எல்லா ஊரு மூஞ்சியும் வருது” என்று எனக்கு விளக்கம் சொன்னான். உட்கார்ந்த இடமாம். உட்கார்ந்தால்தானே!

ஸ்டூடியோ வேலை என்ன? வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டு காதும் தெரிகிற மாதிரி படம். கலியாண அல்பம். செத்தவர்களுக்குப் படம், பழைய கூட்டுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டும் டையும் மாட்டிவிடுவது. போர்க்காலத்தில் அந்த வேலை குறையவே இல்லை. அழகுமுத்துவின் கை கலியாணப் பெண்களின் முகத்தில் பழகிய கை. பரு, தழும்பு, பவுடர் கலைந்த இடம், எது இருந்தாலும் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து ஒட்டி மறைத்துவிடுவான். கறை என்று கண்ணில் பட்டால் அந்தக் கை சும்மா இருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வினை வந்தது இதனால்தான்.

அந்த வருஷங்களில் கொழும்பில் ஒரு தமிழன் வெளியே இறங்கினால் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்க வேண்டும், நாக்கில் ஒரு காரணம் இருக்க வேண்டும். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரிடம் போகிறாய் என்று சந்திக்குச் சந்தி கேட்பார்கள். செத்த வீடு நல்ல காரணம். ஆஸ்பத்திரி அதைவிட நல்லது, மருந்துத் துண்டு ஒன்று கையில் இருந்தால் போதும். கோயில் எல்லாவற்றுக்கும் மேல். எங்கள் தோட்டத்துப் பெண்கள் சந்திக் கடைக்கு இறங்கும்போதுகூடக் காரணத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

அழகுமுத்துவிடம் காரணம் கிடையாது. போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், ஸ்டூடியோ பூட்டு. காலையில் கோட்டை பஸ் நிலையத்துக்குப் போய் எந்த பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறிவிடுவான். கடைசித் தரிப்பில் இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். கற்பிட்டிப் பக்கம் உப்பளம் பார்க்கப் போய், திரும்ப பஸ் கிடைக்காமல் கருவாட்டு லொறியில் வந்து சேர்ந்தான். அவன் மனைவி இராமலெட்சுமி அவனைக் குழாயடியிலேயே நிறுத்தி வைத்துக் குளிப்பாட்டிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். பதுளை ரயிலில் போய், இறங்காமல் அதே ரயிலில் திரும்பி வந்தான். ஏன் என்று கேட்டால், “ஜன்னல் ரெண்டு பக்கமும் இருக்குல்ல? போகயில ஒண்ணு, வரயில ஒண்ணு” என்றான்.

ஒருமுறை வடமேற்கே ஒரு ஊரில் பிடித்துவிட்டார்கள். ஏன் வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா என்றிருக்கிறான். யாரைப் பார்க்க? ஊரைப் பார்க்க. சண்டை நடக்கிற நாட்டில் சும்மா ஊர் பார்க்கிறவனை யார் விடுவார்கள்? எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் இராமலெட்சுமி என்னைத்தான் அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது இவன் பொலிஸ் விறாந்தையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தான். காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் அவனைப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றி, தான் உட்கார்ந்துவிட்டான். “இவனைக் கொண்டுபோய்விடு அண்ணே, புண்ணியமாகப் போகும்” என்றான் என்னிடம்.

தில்லைநாதன் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

“இஞ்ச பார், திரியிறது உன்ர விருப்பம். எங்கயாவது பிடிபட்டியோ, எனக்கு உன்னைத் தெரியாது. போன் வந்தாலும் தெரியாது. விளங்கிச்சோ?”

“வெளங்குச்சு மொதலாளி” என்று யன்னலடியிலிருந்து பதில் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மஷூர் வந்தான். கொம்பனித்தெருப் பொடியன். தெற்கே ஹிக்கடுவைக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப் போகிற வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, மீன், பவளப்பாறை, அந்தக் காலத்தில் மூழ்கிய கப்பல் எல்லாம் காட்டி, படமும் எடுத்துக் கொடுப்பான். கீழே எடுக்கிற படம் நீலமாகத்தான் வரும். தண்ணீரில் மிதக்கிற தூசு படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும். அதைத் திருத்த ஆள் தேடி சீடியோடு வெள்ளவத்தைக்கு வந்திருந்தான்.

முதல் படத்தைத் திறந்த நேரத்திலிருந்து அழகுமுத்து யன்னலடிக்குப் போகவில்லை. கடல் இப்போது மேசைக்கே வந்துவிட்டது. நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். சிவப்பை ஏற்றினான். ஒரு பாறை நெருப்பாக எழுந்து வந்தது. புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். மஷூருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதா மாதம் சீடி வர ஆரம்பித்தது.

ஒருநாள் மஷூர் திருத்திய படம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். நான் அன்றைக்கு அழகுமுத்துவை ஏற்றப் போயிருந்தேன்.

“என்னடா இது, குங்குமக் கட மாதிரி ஈக்கிது! அங்க சேப்பே இல்ல மச்சான்.”

“இல்லன்னா? ஒங்க படத்துலருந்துதானே எடுத்தேன்.”

“நான் லைட் அடிச்சு எடுக்கிற. அதால கொஞ்சம் தெரியிது. லைட் இல்லாம வெறுங்கண்ணால பாத்தா, கீழ எல்லாம் நீலமும் சாம்பலும் தான். தண்ணி மொதல்ல சேப்பத் தான் குடிக்கும். நாப்பதடி எறங்கினா சேப்பு செத்துரும்.”

“அப்ப லைட் அடிக்காதப்போ அந்தப் பாறை என்னா கலரு?”

“நான் சொன்னேனே, சாம்பல்.”

“லைட் அடிச்சா?”

“சேப்பு.”

“அப்ப அது உண்மையில என்னா கலரு?”

மஷூர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“வெள்ளக்காரனுக்குச் சேப்பு புடிக்கிது. நீ போடு மச்சான், ஏன் மண்டையப் போட்டு ஒடைக்கிற?”

உடைக்காமல் இருப்பானா? வழியெல்லாம் அதே பேச்சு. “நான் பாக்காத ஒண்ணுக்குக் கலர் போட்டுக்கிட்டு இருக்கேண்ணே. கலியாணப் பொண்ணுன்னா நேர்ல வருது, மூஞ்சியப் பாத்துப் போடுறேன். செத்தவருன்னாகூட அவரு மகன் வந்து, அப்பா இன்னும் கொஞ்சம் கறுப்புன்னு சொல்றாரு. கடலுக்கு யாரு வந்து சொல்றது?” அன்றிலிருந்து அவன் இன்னும் மோசமாகிவிட்டான். சோறு சாப்பிடும்போது எழுந்து நடப்பான். இராமலெட்சுமி என்னிடம் வந்து, “அண்ணே, அந்த மனுசன ஒரு தடவ கடல்ல முக்கி எடுத்துட்டு வந்துடுங்க. எனக்கு வீட்ல கெடக்க முடியல” என்றாள்.

அவனே மஷூரிடம் கேட்டுவிட்டான். மஷூரும் சரி என்றுவிட்டான். தை மாதப் போயா. காலம் 2007. தெற்குப் பாதையில் பஸ்ஸில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. பஸ் வேண்டாம் என்று நான் என் த்ரீவீலை எடுத்தேன்.

மொரட்டுவை தாண்டியதும் அவனுக்குப் பாடம் சொன்னேன். “கேட்டால் கதிர்காமம் கோயிலுக்கு என்று சொல்வோம். நான் கதைக்கிறேன். நீ வாயைத் திறக்காதே.”

“இல்லண்ணே” என்றான். பின்சீட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தான். “இத்தன வருசத்துல மொத தடவையா எனக்கு ஒரு காரணம் இருக்கு. அதையே சொல்றேனே.”

களுத்துறைப் பாலம் தாண்டி வெகுதூரம் போன பிறகு ஒரு சோதனைச் சாவடி. மணல் மூட்டை, தகரக் கொட்டில், ஒரு சார்ஜன். ஒல்லியான ஆள், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பவர். அவரும் இவனும் பேசியது எல்லாம் சிங்களம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“கொஹேத யன்னே?” எங்கே போகிறாய் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அழகுமுத்து சொல்லிவிட்டான். “கடலுக்கு அடியில் சேர்.”

சார்ஜன் அவனைக் கீழே இறக்கினார். பையைக் கவிழ்த்தார். ஒரு துவாய், ஒரு சீடி, நாலு படம். படம் என்றால் சும்மா படம் இல்லை. தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு கிழியாமல் இருக்க ஸ்டூடியோவில் லமினேட் செய்து கொடுப்பார்களே, அந்த மெஷினில் போட்டு எடுத்த படம். மூன்றில் பவளப்பாறையும் மீனும். நாலாவதில் ஒரு கப்பலின் அடிப்பாகமும் அதைத் தள்ளுகிற பெரிய விசிறியும்.

அந்த நாலாவது படத்தைப் பார்த்ததும் நானும் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். அது எத்தனையோ வருஷத்துக்கு முன் மூழ்கிய கப்பல். துருப்பிடித்து, சிப்பி மொய்த்து, பாசி தொங்கிக் கிடந்தது. கலியாணப் பெண்ணின் முகத்தில் பரு எடுத்த கை அத்தனையையும் எடுத்துவிட்டது. நீலத்தையும் எடுத்துவிட்டது. இப்போது பார்த்தால் நேற்றுத்தான் துறைமுகத்தில் இறக்கிய கப்பல் மாதிரி பளபளவென்று நின்றது. கடற்படைக் கப்பல்களுக்கு அடியில் குண்டு வைக்க ஆட்கள் நீந்தி வருகிறார்கள் என்று நாடே பயந்துகொண்டிருந்த நேரம் அது.

“இது என்ன கப்பல்?”

“மூழ்கின கப்பல் சேர்.”

“மூழ்கின கப்பலில் துரு எங்கே?”

“எடுத்துட்டேன்.”

“நீ எடுத்தாயா? கடலுக்குள் போய்த் துருவை எடுத்தாயா?”

“இல்ல சேர், வெள்ளவத்தையில வச்சு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சார்ஜன் லமினேட்டை விரலால் தட்டினார். “இதுக்கு ஏன் பிளாஸ்டிக் போட்டிருக்கு?”

அந்த இடத்தில் உலகத்தில் உள்ள எந்த மனிதனும் ஒரு பொய் சொல்லியிருப்பான். இவன் சொன்னான்: “தண்ணிக்குள்ள கொண்டு போறதுக்கு. கீழ வச்சு இது சரியான்னு ஒத்துப் பாக்கணும்.”

சார்ஜன் எங்கள் இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். மத்தியானம் ஜீப் வருமென்றும், அதில் எங்களை அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெற்கே ஒரு முகாம் இருந்தது. அங்கே போனவர்களுடைய பெண்டாட்டிமார் பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவார்கள், பெரிதாக்கித் தரச் சொல்லி.

கொட்டிலில் ஒரு வாங்கு. நான் உட்கார்ந்தேன். அவன் நடந்தான்.

“இந்தகன்ன!” உட்காரச் சொல்லிக் கத்தினார் சார்ஜன். உட்கார்ந்தான். திரும்பவும் எழுந்தான்.

“ஜீப்பு வந்துட்டா இன்னைக்கு எறங்க முடியாதாண்ணே?” என்று என்னைக் கேட்டான்.

“அட சனியனே, ஜீப் வந்தால் இந்த ஜென்மத்தில் வீட்டுக்கே போக முடியாது. உனக்குக் கடல் கேட்குதா?”

அவன் முகம் அப்போதுதான் வெளுத்தது. அதற்குமுன் அவனுக்கு அது விளங்கவே இல்லை.

மஷூருக்குப் போன் எடுத்தோம். நிறுத்தி வைத்திருந்தது. அவன் கடலுக்கு அடியில் இருப்பான். மத்தியானம் ஆகும் மேலே வர. உண்மையான படம், துருவும் பாசியும் உள்ள நீலப் படம், இரண்டே இடத்தில்தான் இருந்தது: மஷூரிடமும், வெள்ளவத்தைக் கொம்பியூட்டரிலும். நாங்கள் கொண்டுவந்த சீடியிலும் திருத்தியதுதான்.

வேறு வழியில்லாமல் தில்லைநாதனுக்கு எடுத்தேன். கெஞ்சியதில் சார்ஜன் அதற்கும் விட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆர், அழகுமுத்துவோ?”

“ஓம் ஐயா.”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த விசரன் நிக்கிறானோ, இருக்கிறானோ?”

“நடக்கிறான் ஐயா.”

“அவரிட்ட போனைக் குடு.”

சார்ஜனிடம் கொடுத்தேன். தில்லைநாதனின் சிங்களம் பார்வையில்லாதவன் படி இறங்குவது மாதிரி. ஆனாலும் சொல்லிவிட்டார்: அவன் என்னுடைய ஆள், என் கடையில் வேலை, உண்மைப் படம் இருக்கிறது, இப்போதே அனுப்புகிறேன். போயா நாளில், வெள்ளவத்தையில், சனமே இல்லாத வீதியில் அந்த மனிதர் தனியே போய்க் கடையைத் திறந்திருக்கிறார். படத்தை அச்செடுத்து, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவருடைய போன் கடையிலிருந்து எங்கள் சாவடிக்கு எதிரே இருந்த கடையின் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கி ஃபக்ஸ் அனுப்பினார்.

ஃபக்ஸில் நிறம் வருமா? நீலம் முழுவதும் கறுப்பாக விழுந்தது. கடைக்காரன் கொண்டுவந்து கொடுத்த தாளில் ஒரு கறுப்புக் குண்டு, அதைச் சுற்றி இன்னும் கறுப்பு.

சார்ஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மொகடத மே? இது என்ன, குண்டா?”

“கடல் சேர்” என்றான் அழகுமுத்து.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பாதையைப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஜீப்பா, மஷூரா என்று எட்டிப் பார்த்தேன். இவனோ வாங்குக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து மணலில் ஒரு பாதையே போட்டுவிட்டான்.

மஷூர்தான் முதலில் வந்தான். மேலே வந்து போனைத் திறந்திருக்கிறான், சாவடி இருக்கும் இடத்தைச் சொல்லி நாங்கள் போட்ட மெசேஜ் கிடந்திருக்கிறது. ஈரத் தலை, உப்புப் பூத்த காது, மோட்டார் சைக்கிள். கழுத்தில் கமராவே தொங்கியது. அந்தக் கப்பலை அன்றைக்குக் காலையிலும் எடுத்திருந்தான். கமராவின் முதுகில் இருந்த சின்னக் கண்ணாடியில் காட்டினான்: மங்கல் நீலம், துரு தின்ற இரும்பு, விசிறியில் மொய்த்த மீன்.

சார்ஜன் அதைப் பார்த்தார். லமினேட்டைப் பார்த்தார். திரும்பவும் அதைப் பார்த்தார். கப்பல் ஒன்றுதான், விசிறியில் ஒரு இதழ் உடைந்திருந்தது, இரண்டிலும் உடைந்திருந்தது. அந்த உடைசலை மட்டும் இவன் சரிசெய்யாமல் விட்டிருந்தான். கடவுள் காப்பாற்றினார்.

“நீ இதில் என்னத்தைத்தான் எடுத்தாய்?” என்று கேட்டார் சார்ஜன். குரலில் சூடு குறைந்திருந்தது.

அழகுமுத்து யோசித்தான். “கடல எடுத்துட்டேன் சேர்.”

“கடலை எடுத்தால் கப்பலுக்கு என்ன மரியாதை?” என்றார். அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தார். நாலு படத்தையும் தானே வைத்துக்கொண்டார். “நேரே கொழும்புக்குப் போ. இந்தப் பக்கம் உன்னைத் திரும்பப் பார்க்கக் கூடாது.”

வண்டியைத் திருப்பினேன். எதிரே ஜீப் வந்து எங்களைக் கடந்து போனது. வெள்ளவத்தை வரை அவன் பக்கம் மாறாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து வந்தான். ஸ்டூடியோப் படியில் தில்லைநாதன் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, “நாளைக்கு நேரத்துக்கு வா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு அடங்கியிருப்பான் என்று நினைத்தால் நீங்கள் அவனை அறியவில்லை. மாசிப் போயா அன்று விடியற்காலையிலேயே ஆளைக் காணோம். கையில் பிளாஸ்டிக் பை, அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், கற்பூரம், நெற்றி நிறையத் திருநீறு. ரயிலில் ஏறியிருக்கிறான். ஆமிக்காரன் கேட்டதும் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னானாம்: “கதிர்காமம் யனவா சேர்.” போகிறேன் என்று. மறுகேள்வி இல்லை. அவர்களுக்கும் கதிர்காமத்தான் சாமிதானே. பக்கத்தில் இருந்த சிங்களக் கிழவர் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம். அதில் உட்கார இவனுக்குக் கூச்சமாக இருந்ததாம். வழக்கம்போல நின்றுகொண்டே போயிருக்கிறான்.

இறங்கியது ஹிக்கடுவையில். காலையில் ஹோட்டல் நீச்சல் தொட்டியில் மூச்சு விடப் பாடம். மத்தியானம் கடல். மஷூர் அவன் முதுகுப் பட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்பது அடி இறக்கினான். “அல்லாவே, இவனோட இனி மேல எறங்க மாட்டேன்” என்று பிறகு என்னிடம் சொன்னான். “அங்க பாக்கணும், இங்க பாக்கணும்னு என்னய இழுத்துட்டுப் போறான். அர மணித்தியாலக் காத்தக் கொஞ்ச நேரத்துல குடிச்சி முடிச்சிட்டான்.”

ஒத்துப் பார்க்கக் கையில் படம் இல்லை. பாறைகள் சாம்பலாக இருந்தன, மஷூர் சொன்ன மாதிரியே. அப்படியும் நம்பாமல் உடைந்த விசிறியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியிருக்கிறான். இரும்பு விரலைக் கிழித்தது. விரலிலிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. கரும்பச்சை.

அன்று இரவு கொட்டாஞ்சேனைக் குழாயடியில் அந்த விரலை எனக்குக் காட்டினான். துணி சுற்றியிருந்தது. துணி சிவப்பு.

“பச்சைண்ணே. என் ரத்தம் பச்சையா வந்துச்சு. பயந்துட்டேன். மஷூரு மேல இழுத்துட்டு வாராரு, நான் வெரலயே பாத்துக்கிட்டு வாரேன். மேல வர வர மண்ணு கலராச்சு. தலை வெளிய வந்ததும் சேப்பு. ஒரே வெரலு, ஒரே ரத்தம்.”

“அப்போ எது சரி?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. விடியும்வரை நடப்பான் என்று தெரியும்.

“அதத்தாண்ணே யோசிக்கிறேன்.”

உள்ளேயிருந்து இராமலெட்சுமி வந்தாள். கையில் அந்த வாழைப்பழப் பை. பழம் அப்படியே இருந்தது.

“சாமி பேரச் சொல்லிட்டுக் கடலுக்கா போனீங்க? முருகன் என்ன ஒங்களுக்கு டிக்கட்டா? சொன்ன வாய்க்குப் போயே ஆகணும். ஆடி மாசம் கூட்டிட்டுப் போங்க, என்னையும் சேத்து. அது வரைக்கும் கடல் பேச்சு இந்த வீட்ல எடுக்கக் கூடாது.”

அப்படித்தான் ஆடியில் தோட்டத்து ஆட்கள் நாலு குடும்பம் ஒரு வேன் பிடித்துக் கதிர்காமம் புறப்பட்டோம். பூத்தட்டு, தேங்காய், பழம். பொய் ஒன்றும் இல்லாத பயணம். அதே சாவடி. அதே சார்ஜன். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார். அழகுமுத்துவின் முன்னால் வந்ததும் கண்ணைச் சுருக்கினார்.

“கடல்காரன்! கொஹேத யன்னே?”

“கதிர்காமம் சேர்.”

“பொய்.”

“உண்மை சேர்.”

பூத்தட்டைக் கிளறினார். தேங்காயை ஆட்டிப் பார்த்தார். துவாயை உதறினார். லமினேட் ஒன்றும் விழவில்லை. உண்மையைச் சொல்லுகிற நேரமெல்லாம் இவனை யாரும் நம்பாதது தலையெழுத்து. இராமலெட்சுமி தன் தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் அவர் பின்வாங்கினார். போகவிடப்போகிறார் என்று நாங்கள் ஏறத் தொடங்கினோம்.

“கடைசியில் இறங்கினாயா, இல்லையா?” என்று மெல்லக் கேட்டார் சார்ஜன்.

நான் அவன் இடுப்பில் கிள்ளினேன். இல்லை என்று சொல்லடா, இல்லை என்று சொல்.

“இறங்கினேன் சேர்.”

“கொழும்புக்குத்தானே போகச் சொன்னேன்.”

“ஆமா சேர். போயிட்டு, பொறகு வந்தேன்.”

சார்ஜன் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“என்ன இருக்கிறது அங்கே?”

“அங்க ரத்தம் சேப்பு இல்ல சேர். பச்சை.” தழும்பு விழுந்த விரலைத் தூக்கிக் காட்டினான். “என் ரத்தத்தையே பாத்தேன்.”

சார்ஜன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“யாருடைய ரத்தமும் அப்படித்தானா?”

“அது தெரியாது சேர். என்னோடது மட்டுந்தான் பாத்தேன்.”

“யன்ன” என்றார். போங்கள்.

வேன் புறப்பட்டது. இராமலெட்சுமி புருஷனைத் திட்டத் தொடங்கினாள், அம்பலாங்கொடை வரை நிறுத்தவில்லை. அவன் காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. வேனின் நடுவில், கூரையில் தலை இடிக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது பக்க யன்னலில் கொஞ்சம் குனிந்து பார்த்தான். பிறகு வலது பக்கம், கடல் பக்கம், குனிந்தான்.

“அண்ணே, கதிர்காமம் கும்பிட்டு முடிஞ்சதும் நேரா வீட்டுக்கா? இல்ல, அந்தப் பாதை அதுக்கு அங்கிட்டு எது வரைக்கும் போகுது?”